ரூஃபிஜியின் மேல் பறந்த விமானங்கள்: ஒரு போர் வரலாற்றைப் படித்துக் காட்சியாக அமைக்கும் முறை

1914ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட ஒரு படகு விமானம், கிழக்கு ஆப்பிரிக்காவின் ரூஃபிஜி ஆற்றுக் கழிமுகத்தில் ஒளிந்திருந்த கோனிக்ஸ்பெர்க் என்னும் ஜெர்மன் போர்க்கப்பலை வானிலிருந்து கண்டுபிடித்தது. முதல் உலகப் போர் தொடங்கி அப்போது நான்கு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழரான நம் ஊர்க் கடலோரத்திலிருந்து புறப்பட்ட இந்த வரலாற்றைத் தமிழ்ப் பள்ளியிலோ சங்கக் கூடத்திலோ ஒரு சிறு கண்காட்சியாகவோ உரையாகவோ வைக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும், எதை முதலில் படிப்பது, எதைச் செய்து காட்டுவது, சான்றுகளை எங்கே தேடுவது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

தளபதிக்குத் தெரியாதது எது?

போர் விமானங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விமானியின் துணிச்சலிலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் அதைப் பிறகு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிகழ்ச்சியையும் படிக்கும்போது, அன்று காலை தளபதிக்கு எது தெரியாமல் இருந்தது என்ற கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 1914, 1915 ஆண்டுகளில் ஆப்பிரிக்கப் போர்க்களங்களில் பறந்த விமானங்கள் எடுத்துச் சென்ற குண்டுகள் சிறியவை. குறி தவறியவையே மிகுதி. அவற்றின் மதிப்பு, தரையில் நிற்பவர் பார்க்க முடியாததைப் பார்த்துச் சொன்னதில் இருந்தது. ஆகவே எது தெரியாமல் இருந்தது என்று குறிக்காமல் விமானத்தின் கதையைச் சொன்னால், அது பறந்து திரும்பிய கதையாக மட்டுமே நின்றுவிடும்.

இந்தக் கேள்வியைப் பழகிக்கொள்ள, விமானமே இல்லாத ஒரு போரை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. 1914 நவம்பர் தொடக்கத்தில் அன்று ஜெர்மானியர் ஆண்ட, இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகத்தில் இந்தியாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் படை தரையிறங்கியது. அதில் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 61ஆவது பயனியர் படையும் இருந்தன. கரையில் எதிரிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள், உள்நாட்டிலிருந்து ரயில் வழியாக எத்தனை பேர் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பது படைத்தலைவருக்குத் தெரியவில்லை. வானிலிருந்து பார்த்துச் சொல்லவும் ஒருவரும் இல்லை. ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் தலைமையிலான, எண்ணிக்கையில் மிகக் குறைந்த படை அவர்களைத் தோற்கடித்துக் கப்பலுக்குத் திருப்பி அனுப்பியது. பாளையங்கோட்டைப் படைவீரர்கள் சிதறி ஓடியதை ஆங்கில நூல்கள் அவர்களுடைய குறையாகவே எழுதுகின்றன. பல வாரங்கள் கப்பலில் அடைபட்டு வந்து, முன்பின் தெரியாத புதர்க்காட்டில் கண்ணுக்குத் தெரியாத எந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் நிறுத்தப்பட்டவர்களைக் குறை சொல்லும் முன், அவர்களை அனுப்பியவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். காட்சியின் முதல் பலகையில் டாங்காவை வையுங்கள்.

நிலப்படமும் அலையாத்திக் காடும்

அடுத்து ஒரு பெரிய தாளில் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையை வரையுங்கள். வடக்கிலிருந்து மொம்பாசா, டாங்கா, சான்சிபார், டார்-எஸ்-சலாம், அதற்குத் தெற்கே ரூஃபிஜியின் கழிமுகம், அதன் எதிரே கடலில் மாஃபியா தீவு ஆகியவை இருந்தால் போதும். கழிமுகத்தை மட்டும் தனித்தாளில் பெரிதாக வரைந்து, ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலப்பதைக் காட்டுங்கள். எந்தக் கிளையில் கப்பல் இருக்கிறது என்பதே ஏறக்குறைய எட்டு மாதப் போராட்டத்தின் மையமாக இருந்ததால், இந்தத் தாளுக்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

தேதிகளை இந்த நிலப்படத்தின் மீதே குறிக்கலாம். 1914 செப்டம்பர் 20 அன்று கோனிக்ஸ்பெர்க் சான்சிபார் துறைமுகத்துக்குள் நுழைந்து, பழுது பார்ப்பதற்காக நின்றிருந்த பெகாசஸ் என்னும் பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தது. அதற்கு இரண்டே நாட்களுக்குப் பிறகு, செப்டம்பர் 22 இரவில், எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. எம்டனைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கும் தமிழ்ப் பார்வையாளர்களுக்கு, அதே வாரத்தில் அதே கடற்படையின் இன்னொரு கப்பல் நம் பக்கத்துக் கடலில் உலவியது என்பதைச் சொன்னால், நிகழ்ச்சிகளின் இடமும் காலமும் உடனே பிடிபட்டுவிடும்.

சான்சிபாருக்குப் பிறகு கோனிக்ஸ்பெர்க்கின் இயந்திரம் பழுதடைந்தது. மாக்ஸ் லூஃப் என்னும் அதன் தலைவர் கப்பலை ரூஃபிஜிக்குள் கொண்டுபோய் மறைத்து, பழுதான பாகங்களைத் தரை வழியாக டார்-எஸ்-சலாமுக்கு அனுப்பிச் சரிசெய்தார். அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் கப்பல்கள் கழிமுகத்தின் வாயை அடைத்து நின்றன. ஆனால் ஆழம் குறைந்த அந்த ஆற்றுக்குள் பெரிய கப்பல்கள் நுழைய முடியாது. கடலிலிருந்து பார்த்தால் அலையாத்தி மரங்கள் மட்டுமே தெரியும்.

அலையாத்திக் காடு எப்படி மறைக்கும் என்பதைப் படத்தில் காட்டுவதைவிட நேரில் காட்டுவது மேல். டர்பனில் உம்கேனி ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய பீச்வுட் அலையாத்திக் காட்டுக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, ஓரிடத்தில் நிற்க வைத்து, எவ்வளவு தூரம் வரை பார்க்க முடிகிறது என்று எழுதச் சொல்லுங்கள். நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போவது அவசியம். முன் அனுமதி வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காடு சிறியது. இருந்தும் சில அடி தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாமல் போவதைக் கண்ட பிள்ளைகளிடம், இதைவிடப் பன்மடங்கு பெரிய காட்டில் ஒரு போர்க்கப்பலை எப்படித் தேடுவீர்கள் என்று கேட்டால், விமானத்தின் தேவையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

விமானங்களை வெப்பத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்

டென்னிஸ் கட்லர் டர்பனில் மக்கள் முன் பறந்து காட்டிக்கொண்டிருந்த விமானி. அவரையும், அவர் ஓட்டிய கர்ட்டிஸ் படகு விமானத்தையும் கடற்படை அமர்த்திக்கொண்டு, கின்ஃபான்ஸ் காசில் என்னும் கப்பலில் மாஃபியாவுக்கு அருகிலுள்ள நியோரோரோ என்ற சிறு தீவுக்குக் கொண்டுசென்றது. முதல் முறை பறந்தபோது அவர் வழி தவறி வேறொரு தீவில் இறங்கினார். விமானத்தின் ரேடியேட்டர் கெட்டுப்போனபோது மொம்பாசாவில் ஒரு ஃபோர்டு காரின் ரேடியேட்டரைக் கழற்றி வந்து பொருத்தினார்கள். அதன் பிறகே அவர் ஆற்றின் மேல் பறந்து கோனிக்ஸ்பெர்க்கைக் கண்டார். அவர் சொன்னதை முதலில் சிலர் நம்பத் தயங்கியதால், பிறகு கின்ஃபான்ஸ் காசிலின் தலைவரே விமானத்தில் ஏறிச் சென்று உறுதி செய்தார். டிசம்பர் 10 அன்று இயந்திரம் நின்றுபோய் ஆற்றில் இறங்க நேர்ந்தபோது ஜெர்மானியர் கட்லரைச் சிறைப்பிடித்தனர்.

1915 பிப்ரவரியில் இரண்டு சாப்வித் கடல் விமானங்களோடு ஜான் கல் என்னும் விமானி வந்தார். இங்கிலாந்தின் குளிருக்காகச் செய்யப்பட்ட அந்த விமானங்களின் மரப் பாகங்கள் விரிசல் கண்டன; பசை இளகியது; இருவரை ஏற்றிக்கொண்டு மேலே எழும்பும் வலிமையும் அவற்றுக்கு இல்லை. ஏப்ரலில் பம்பாயிலிருந்து ஷார்ட் வகைக் கடல் விமானங்கள் வந்தன. அவையும் சில நூறு அடி உயரத்துக்கு மேல் ஏறத் திணறின என்றாலும், அவற்றில் சென்றுதான் கோனிக்ஸ்பெர்க்கைப் படம் பிடித்தார்கள். ஜூன் மாதம் ஹென்ரி ஃபார்மன், கோட்ரோன் வகைத் தரை விமானங்கள் வந்து சேர்ந்தன. அவற்றுக்காக மாஃபியா தீவில் புதர்களை வெட்டி ஓடுதளம் அமைக்கப்பட்டது.

இந்த வரிசையைப் பலகையில் எழுதும்போது ஒவ்வொரு விமானத்தின் பெயருக்கு எதிரேயும் அதைத் தோற்கடித்தது எது என்று ஒரு பத்தியை ஒதுக்குங்கள். அந்தப் பத்தியில் எதிரியின் துப்பாக்கியைவிட வெயிலும் ஈரமும்தான் அதிகம் இடம்பெறும். வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் இறக்கைகளின் தூக்கு விசையும் இயந்திரத்தின் ஆற்றலும் குறைகின்றன. எட்டாம் வகுப்பு அறிவியல் படித்த மாணவருக்கு இதை விளக்க முடியும். அதை விளக்கிவிட்டால், சாப்வித் ஏன் தண்ணீரை விட்டு எழும்பவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பார்த்துச் சொல்லும் கலையைக் கூடத்தில் செய்து காட்டுங்கள்

காட்சியின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். இதற்கு நிறைய இடம் ஒதுக்குங்கள். செவர்ன், மெர்சி என்னும் இரண்டு சிறு பிரிட்டிஷ் பீரங்கிக் கப்பல்கள் முதலில் பிரேசில் நாட்டுக்காகக் கட்டப்பட்டவை. சுமார் 6 அடி ஆழமே உள்ள நீரிலும் செல்லக்கூடியவை. மால்டாவிலிருந்து இழுத்து வரப்பட்ட இவை 1915 ஜூலை 6 அன்று ஆற்றுக்குள் நுழைந்து கோனிக்ஸ்பெர்க்கை நோக்கிச் சுட்டன. சுட்டவர்களுக்குக் குறி கண்ணுக்குத் தெரியாது. மேலே சுற்றும் விமானம், விழுந்த குண்டு குறிக்கு முன்னா பின்னா, இடமா வலமா என்பதைக் கம்பியில்லாத் தந்தியில் மோர்ஸ் எழுத்துகளாக அனுப்பும். அன்று 600க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டும் சிலவே பட்டன. மெர்சிதான் பலத்த சேதமடைந்தது. இரண்டு கப்பல்களும் ஒரே நேரத்தில் சுட்டதால், எந்தக் குண்டு யாருடையது என்று மேலிருந்தவருக்குப் பிரித்தறிய முடியாமல் போனது ஒரு முக்கியக் காரணம். ஜூலை 11 அன்று ஒரு கப்பல் சுடும்போது மற்றது காத்திருந்தது. செவர்னின் குண்டுகள் சிறிது நேரத்திலேயே குறியைப் பிடித்துக்கொண்டன.

இதைக் கூடத்தில் இப்படிச் செய்து காட்டலாம். கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி ஒரு பழைய போர்வையைத் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் தரையில் சுண்ணக்கட்டியால் கட்டங்கள் வரைந்து, ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு தட்டை வையுங்கள். மறுபக்கம் இரண்டு மாணவர்கள் புளியங்கொட்டை நிரப்பித் தைத்த சிறு துணிப் பைகளோடு நிற்கட்டும். இருவரின் பைகளும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். மூன்றாவது மாணவர் போர்வையின் இரு பக்கத்தையும் பார்க்கும் உயரத்தில் மேடையில் நின்று, கைதட்டலால் மட்டுமே தகவல் தருவார்: கிட்டே விழுந்தால் ஒன்று, தாண்டி விழுந்தால் இரண்டு, இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் நான்கு, பட்டால் மணியோசை. எறிபவர்கள் அவரிடம் எதுவும் திருப்பிக் கேட்கக் கூடாது. மேலிருந்த விமானத்தால் செய்தி அனுப்ப முடிந்ததே தவிர, கீழிருந்து வரும் செய்தியைக் கேட்கும் கருவி அதில் இல்லை.

முதல் சுற்றில் இருவரும் ஒரே நேரத்தில் எறியட்டும். கைதட்டல் யாருக்கு என்று புரியாமல் இருவருமே தவறான பக்கம் திருத்துவார்கள். இரண்டாம் சுற்றில் ஒருவர் மட்டும் எறிந்து, ஒவ்வோர் எறிக்கும் பதில் வரும்வரை காத்திருக்கட்டும். வேறுபாட்டைப் பார்வையாளர்களே எண்ணிப் பலகையில் எழுதட்டும். எண்களை நீங்கள் முன்கூட்டியே சொல்லாதீர்கள். சுற்றின் நடுவில் மேடையில் நிற்பவரை இறக்கி, வேறொருவரை ஏற்றிப் பார்ப்பதும் பயன் தரும். எரிபொருள் தீர்ந்த விமானம் மாஃபியாவுக்குத் திரும்பி அடுத்த விமானம் வந்து சேரும் இடைவெளியில் கப்பல்கள் குருடாயின என்பது அப்போது விளங்கும்.

ஜூலை 11 அன்று நடந்ததை இந்தச் செயல்முறைக்குப் பிறகே சொல்லுங்கள். ஜான் கல் ஓட்ட, ஆர்னால்ட் என்னும் நோக்கர் தகவல் அனுப்பிக்கொண்டிருந்த ஹென்ரி ஃபார்மன் விமானத்தைக் கோனிக்ஸ்பெர்க்கின் குண்டு தாக்கியது. இயந்திரம் செயலிழந்து விமானம் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தபோதும் ஆர்னால்ட் குண்டு விழும் இடங்களைத் தொடர்ந்து தெரிவித்தார். விமானம் மெர்சிக்கு அருகே ஆற்றில் விழுந்து கவிழ்ந்தது, இருவரும் காப்பாற்றப்பட்டனர். அந்தக் கடைசி நிமிடங்களில் அனுப்பப்பட்ட திருத்தங்கள் எவ்வளவு மதிப்புடையவை என்பது, போர்வைக்குப் பின்னால் நின்று எறிந்து பார்த்த பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அன்றே லூஃப் தம் கப்பலைத் தாமே வெடிவைத்து மூழ்கடித்தார்.

எதிர்த்தரப்பையும் மறக்காதீர்கள். ஜெர்மானியர் மரங்களின் உச்சியில் நோக்கர்களை அமர்த்தித் தொலைபேசிக் கம்பி வழியாகக் கப்பலுக்குத் தகவல் அனுப்பினர். உயரத்தில் ஒரு கண் வேண்டும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்தே இருந்தது.

மேற்கே நமீப் பாலைவனத்தில்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சிறு பலகை போதும். 1913இல் காம்ப்டன் பாட்டர்சன் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லிக்கு அருகே அலெக்சாண்டர்ஸ்ஃபோன்டைனில் விமானப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்களில் சிலர் இங்கிலாந்தில் மேற்பயிற்சி பெற்றனர். கென்னத் ஃபான் டெர் ஸ்பை அவர்களுள் ஒருவர். 1915 ஜனவரியில் தென்னாப்பிரிக்க விமானப் படைப்பிரிவு உருவாக்கப்பட்டது. பாலைவன வெயிலில் மரச்சட்டம் நிலைக்காது என்று கருதி, எஃகுச் சட்டமுள்ள ஹென்ரி ஃபார்மன் விமானங்களைத் தருவித்தார்கள். ரூஃபிஜியில் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றை இங்கே முன்கூட்டியே எண்ணிப் பார்த்தார்கள் என்பதால் இந்தப் பலகை தேவைப்படுகிறது.

இந்த விமானங்கள் மே மாதத் தொடக்கத்தில், இன்றைய நமீபியாவிலுள்ள வால்விஸ் விரிகுடாவிலிருந்து, அன்று ஜெர்மானியர் ஆண்ட தென்மேற்கு ஆப்பிரிக்காவின் மேல் பறக்கத் தொடங்கின. அதுவரை வானம் ஜெர்மானியருக்கே உரியதாக இருந்தது: ஷீலே, ஃபீட்லர் முதலிய விமானிகள் ஓட்டிய மூன்று விமானங்கள் அவர்களிடம் இருந்தன, விமானக் குண்டுகள் இல்லாததால் பீரங்கிக் குண்டுகளையே மாற்றியமைத்துத் தென்னாப்பிரிக்க முகாம்கள் மீது போட்டனர். தென்னாப்பிரிக்கப் பிரதமர் லூயிஸ் போத்தாவின் படை ரயில் பாதையை ஒட்டி வடக்கே முன்னேறியபோது, முன்னால் பறந்து எதிரி எங்கே நிற்கிறான் என்று பார்த்துச் சொல்வது ஃபார்மன் விமானங்களின் வேலையாக இருந்தது. அலையாத்திக் காட்டில் மறைவிடம் மிகுதி. நமீப்பில் மறைவிடம் இல்லை, தொலைவுதான் பகை. ஜெர்மானியர் 1915 ஜூலை 9 அன்று கோராப்பில் சரணடைந்தனர்; ரூஃபிஜியில் கோனிக்ஸ்பெர்க் மூழ்கியது இரண்டு நாட்களுக்குப் பிறகு. இரு தேதிகளையும் அருகருகே எழுதி வையுங்கள்.

இதே விமானிகள் பிறகு இங்கிலாந்தில் 26ஆவது படைப்பிரிவாக அமைக்கப்பட்டு, 1916 ஜனவரி இறுதியில் மொம்பாசாவில் இறங்கினர். அடர்ந்த புதர்க்காட்டின் மேல் பறந்த அவர்களால், மரங்களுக்குக் கீழே நடந்து சென்ற லெட்டோ-ஃபோர்பெக்கின் படையைப் பெரும்பாலும் காண முடியவில்லை. வானத்துக் கண்ணுக்கும் எல்லை உண்டு என்பதைக் காட்ட இது ஒன்றே போதும்.

சான்றுகளைத் தேடும் இடங்கள்

டர்பனில் தொடங்குவதானால், பெரியாவிலுள்ள கில்லி கேம்பல் நூலகத்தில் நேட்டாலின் பழைய நாளிதழ்களையும் படங்களையும் கேட்டுப் பாருங்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதுலி ஆவண மையம் தென்னாப்பிரிக்க இந்தியரின் வரலாற்றுக்கான களஞ்சியம். பி. எஸ். ஐயர் டர்பனிலிருந்து ஆங்கிலத்திலும் தமிழிலும் நடத்திய ஆஃப்ரிக்கன் க்ரோனிக்கிள் இதழ், இந்தியன் ஒப்பீனியன் இதழ் ஆகியவற்றின் 1914, 1915 ஆண்டு இதழ்களைத் தேடி, இந்தப் போரைப் பற்றி நம்மவர்கள் அன்று என்ன படித்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வரி கிடைத்தாலும் அதைப் பெரிதாக அச்சிட்டு வைக்கலாம். கிம்பர்லி செல்பவர்கள் விமான நிலையத்துக்கு அருகேயுள்ள முன்னோடிகள் அருங்காட்சியகத்தில் பாட்டர்சன் விமானத்தின் முழு அளவுப் பிரதியைப் படம் எடுத்து வரலாம்.

சான்றுகளைக் கையாளும்போது இரண்டு செயல்களில் விடாப்பிடியாக இருங்கள். ஒன்று, பிரிட்டிஷ் அறிக்கையும் ஜெர்மன் குறிப்பும் வேறுபட்டால், உங்களுக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்றும் குறிப்பிடுங்கள். குறி பட்ட குண்டுகளின் எண்ணிக்கையில் இந்த வேறுபாடு அடிக்கடி வரும். மற்றொன்று, பெயர்களைப் பற்றியது. விமானிகளின் பெயர்கள் எளிதாகக் கிடைக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் படைகளுக்காகச் சுமை தூக்கி நோயிலும் பசியிலும் மடிந்த ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. நேட்டாலிலிருந்தும் காயம்பட்டோரைத் தூக்கிச் செல்லும் இந்தியர் படை ஒன்று கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. உங்கள் வீட்டுத் தாத்தா, ஆயாவிடம், அந்தப் படையில் சென்றவர் நம் குடும்பத்தில் உண்டா, பதக்கமோ காகிதமோ இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் மூலத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, படம் மட்டும் எடுத்துக் காட்சியில் வையுங்கள். குடும்பத்தின் அனுமதி இல்லாமல் பெயரைப் பலகையில் எழுதாதீர்கள்.

பிரிட்டோரியாவுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் ஒரே நாளில் இரண்டு இடங்களைப் பார்க்கலாம். ஸ்வார்ட்கோப் விமானத் தளத்தில் தென்னாப்பிரிக்க விமானப்படையின் அருங்காட்சியகம் இருக்கிறது. படைத்தளத்துக்குள் இருப்பதால் திறந்திருக்கும் நேரத்தையும் அடையாள அட்டை வேண்டுமா என்பதையும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பிறகு யூனியன் பில்டிங்ஸ் வளாகத்துக்குச் சென்று, அங்கே வைக்கப்பட்டுள்ள கோனிக்ஸ்பெர்க்கின் 10.5 சென்டிமீட்டர் பீரங்கி ஒன்றைப் பாருங்கள். கப்பல் மூழ்கிய பிறகு ஜெர்மானியர் அதன் பத்துப் பீரங்கிகளையும் ஆற்றிலிருந்து மீட்டு, சக்கரம் பூட்டித் தரைப்போரில் பயன்படுத்தினர். அதன் அருகே ஒரு மாணவரை நிற்க வைத்துப் படம் எடுத்தால் அளவு தெரியும். அந்தப் படத்தை ஜூலை 11க்கான பலகைக்கு அடுத்து வைத்து, பீரங்கி எங்கிருந்து எங்கு வந்தது என்பதை நிலப்படத்தில் ஒரு கோட்டால் இணைத்துவிடுங்கள்.